பழைய பென்ஸும் டிசம்பர் மாசத்துப் புண்ணியமும்

வரி வருஷம் முடியும் டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், எங்கள் நியூ ஜெர்சி வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி தவறாமல் எட்டிப் பார்க்கும்: "பழைய பென்ஸ் ஒண்ணு சும்மா நிக்குதுங்க. சாரிட்டிக்குக் கொடுத்தா டாக்ஸ்ல எவ்வளவு கழிக்கலாம்?" உடனே நாலு பேர், "பழைய கார் விலையைப் பார்க்கிற கெல்லி புளூ புக்ல என்ன விலை இருக்கோ, அதை அப்படியே போட்டுக்கோங்க பாஸ்" என்று அருள்வாக்கு சொல்வார்கள்.

அந்தக் காலம் 2004-ஓடு மலையேறிவிட்டது. அதுவரை கொடுப்பவரே தன் காருக்கு ஒரு விலையைப் போட்டு வரியில் கழித்துக்கொண்டிருந்தார். 2003-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., தானமாகப் போன 54 வண்டிகளின் கதையைத் தோண்டிப் பார்த்தது. கொடுத்தவர்கள் வரிக்கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் அறக்கட்டளையின் கைக்குப் போயிருந்தது, மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில்! சட்டம் மாறியது. 2005 ஜனவரி முதல், அறக்கட்டளை ஏலத்தில் விடும் வண்டி என்ன விலைக்குப் போகிறதோ அதுதான் உங்கள் கழிவு, அதாவது வரிக்கணக்கில் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை. விற்ற 30 நாளுக்குள் அறக்கட்டளையிடமிருந்து 1098-சி என்ற படிவம் வரும், அதில் இருக்கும் தொகைதான் கணக்கு. 500 டாலருக்குக் கீழே போனால் மட்டும் ஒரு சின்னச் சலுகை: சந்தை மதிப்பு அதற்கு மேல் இருந்தால் 500 வரை காட்டலாம்.

விதிவிலக்கு உண்டு. அறக்கட்டளை அந்த வண்டியைத் தானே கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுதுபார்த்து விற்றாலோ, ஏழைக் குடும்பத்துக்குச் சும்மாவோ அடிமாட்டு விலைக்கோ கொடுத்தாலோ முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். சொகுசு கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கனவு காண்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் 2003 பென்ஸ் எஸ் 430, எஸ் கிளாஸ் வண்டி, இருந்தது. ராத்திரி நிமிர்ந்து நிற்கும், காலையில் பார்த்தால் முன்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். வண்டியைக் காற்றால் தாங்கி நிற்கும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று கசிகிறது. ஸ்டார்ட் பண்ணினால் கம்ப்ரஸர் முனகி முனகி மெதுவாக மூக்கைத் தூக்கும், அதுவரை வண்டியை நகர்த்த முடியாது. அதைச் சரிபண்ண ஆகும் செலவில் ஓடுகிற பழைய கரோலா ஒன்றையே வாங்கிவிடலாம். இதைப் போய் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்குக் கொடுத்தால் அது தானமா, தண்டனையா? குடிக்கிறது பிரீமியம் பெட்ரோல் வேறு.

தானமாக வரும் வண்டிகளைச் சரிபண்ணி, வேலைக்குப் போகும் குடும்பங்களின் கையில் சேர்ப்பதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. வெர்மான்டில் குட் நியூஸ் கராஜ், மேரிலாந்தில் வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச். நல்ல வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த வேலைக்கு வேண்டியது மலிவாக ஸ்பேர் கிடைக்கும் கேம்ரி, சிவிக் மாதிரி வண்டிகள். உங்கள் எஸ் கிளாஸ் நேராக ஏலத்துக்குத்தான் போகும்.

சரி, ஏலத்தில் 900 டாலருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இழுத்துப்போன கூலி, ஏலக் கட்டணம், நடுவில் நிற்கும் ஏஜென்சியின் பங்கு எல்லாம் போக மிச்சம்தான் அறக்கட்டளைக்கு. உங்களுக்கு 900 வரை கழிவு, ஆனால் ஐட்டமைஸ் பண்ணினால், அதாவது கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டினால் மட்டும். பட்டியல் போடாதவர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், 2025-க்கு, கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணினால் 31,500 டாலர். பட்டியலின் மொத்தம் அதைத் தாண்டாதவருக்கு அந்த 900-ஆல் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. நம் நியூ ஜெர்சி வீட்டு வரி எவ்வளவு என்று தெரியும்தானே! மாநில, உள்ளூர் வரியைக் கழிப்பதற்கான வரம்பு 2025-ல் 10,000-லிருந்து 40,000-க்கு ஏறியதால் இங்கே வீடு வைத்திருக்கும் சிலர் மறுபடி ஐட்டமைஸ் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கும் 22 சதவீத வரி என்றால் மிச்சமாவது அதிகபட்சம் 198 டாலர். இதற்குத்தான் இத்தனை அலசல்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வண்டி ஓடுகிறதா? நீங்களே விற்று, பணத்தைக் கொடுங்கள். பராமரித்து வைத்த லெக்ஸஸ் எல்எஸ் 430 என்றால் தேடி வந்து வாங்க ஆள் இருக்கிறது, அதை ஏலத்தில் கொண்டுபோய்த் தள்ளுவது பாவம். நடுவில் யாருக்கும் பங்கு போகாது, முழுத் தொகையும் போய்ச் சேரும். இன்னொன்று: 2026 முதல் ஐட்டமைஸ் பண்ணாதவர்களும் தனியாளாக 1,000, தம்பதியாக 2,000 டாலர் வரை நன்கொடையைக் கழிக்கலாம். பணமாகக் கொடுத்தால் மட்டும்தான், காருக்கு அது கிடையாது.

விற்க மெனக்கெட நேரமில்லை, வண்டி டிரைவ்வேயில் செத்துக் கிடக்கிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஃபோன் பண்ணினால் டோ டிரக் வந்து அள்ளிக்கொண்டு போகும், அந்த நிம்மதிக்கே கொடுக்கலாம். யாருக்கு என்பதை மட்டும் பாருங்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது வாங்குபவனுக்குச் சொன்னது. கொடுப்பவர் பார்க்கலாம், பார்க்க வேண்டும். ரேடியோவில் பாட்டுப் பாடியே பேர் வாங்கிய, கார் தானம் வாங்கும் கார்ஸ் ஃபார் கிட்ஸ் நம் மாநிலத்து லேக்வுட்டில்தான் இருக்கிறது. அது அறப்பணிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஊரா என்ற யூத சமய அமைப்புக்குப் போகிறது. அதில் தப்பில்லை, அது அவர்கள் பணி. ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டு, பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் போகிறது என்று நினைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி 501(சி)(3)-ஆக, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு உள்ள அறக்கட்டளையாகப் பதிவானது என்றால், கார் தானத்தைக் கையாளும் ஏஜென்சியில் அதையும் சேர்க்க முடியுமா என்று பள்ளி நிர்வாகிகளிடம் கேளுங்கள். பாடப் புத்தகச் செலவுக்காவது ஆகும்.

எங்கே கொடுத்தாலும் டைட்டிலின் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பின்பக்கம் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள், டோ டிரக் டிரைவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. நம்பர் பிளேட்டைக் கழற்றி மோட்டார் வெஹிக்கிள் ஆபீஸில் ஒப்படைத்த பிறகு இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள். டோல் கட்டணத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டிய ஈசி பாஸையும் பிய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏலத்தில் எடுத்தவர் டர்ன்பைக் என்ற கட்டணச் சாலையில் போகும் டோலையும் நீங்கள்தான் கட்டுவீர்கள், அதற்கு 1098-சி வராது.