மே மாதத்தில் முயல் வாங்காதீர்கள்

பள்ளிக்கூடங்களுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டாச்சு. இனி ஜூன் வரைக்கும் எனக்கு வருகிற போன்களில் பாதி முயல் சம்பந்தமாகத்தான் இருக்கும். முயல் வளர்ப்பவன் என்று தெருவில் பெயர் வாங்கிவிட்டால் இதுதான் கதி. "அண்ணாச்சி, பிள்ள கேட்டு அழுதான், ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கலாம்னு பாக்கேன், எங்க கிடைக்கும்?" என்பது ஏப்ரல் கடைசியில் வரும் போன். "அண்ணாச்சி, முயலு வாயத் தொறந்து மூச்சு வாங்குது, என்ன செய்ய?" என்பது மே நடுவில் வரும் போன். பெரும்பாலும் இரண்டும் ஒரே வீட்டில் இருந்து வரும்.

அதனால் இந்த வருடம் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுகிறேன். திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு மே மாதத்தில் முயல் வாங்காதீர்கள். பிள்ளை புரண்டு அழுதாலும் வாங்காதீர்கள். ஆசை உண்மை என்றால் தை மாதம் வரைக்கும் தாங்கும். தாங்காத ஆசைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். வெயிலில் நிறுத்தினால் அது செத்துப் போகாது.

பாளையங்கோட்டையில் நூறு டிகிரியைத் தாண்டியது என்று செய்தி வாசிக்கும்போது நாம் மோரையோ பதநீரையோ தேடிப் போய்விடுகிறோம். முயலுக்குத் தோதான வெப்பநிலை ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம்தான். நம்மூரில் மே மாதம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் தெர்மாமீட்டர் அதை ஒட்டித்தான் நிற்கும். முயலுக்கு வியர்வை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும், முயலுக்கு அதுவும் சரியாக வராது. இருக்கிற பெரிய வழி காது. அந்தப் பெரிய காதில் ஓடுகிற ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியே போக வேண்டும். சுற்றியுள்ள காற்றே 39 டிகிரி இருந்தால், ஏறக்குறைய அதே சூடுள்ள உடம்பில் இருந்து எது எங்கே போகும்? மே மாதத்து டவுன் பஸ்ஸில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான் அதன் நிலைமை.

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்வாதம் வரும். "தேரிக்காட்டுல முயலு ஓடுதுல்லா, அதுக்கு யாரு ஏசி போட்டா?" நியாயமான கேள்விதான். ஆனால் தேரிக்காட்டிலும் கரிசல் காட்டிலும் ஓடுவது வேறு, கூண்டில் விற்பது வேறு. நம் காட்டில் இருப்பது பிடரியில் கறுப்பு விழுந்த காட்டுமுயல். அது வளை தோண்டாது. பகல் முழுக்கப் புதர் நிழலில் ஒரு பள்ளத்தில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு மேயக் கிளம்பும். பிறக்கும்போதே குட்டிக்கு மயிரும் இருக்கும், கண்ணும் திறந்திருக்கும். பாஞ்சாலங்குறிச்சியில் துரத்தி வந்த நாய்களைத் திரும்பி விரட்டியதாகக் கதை சொல்கிறார்களே, அந்த முயலின் வம்சம். கூண்டு முயல் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வளைமுயலில் இருந்து வந்தது. அதன் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல், செக்கச்செவேலென்று பிறக்கும். வெயில் ஏறினால் மூதாதை மண்ணுக்குள் போய்விடும். நாம் அதைக் கம்பிக்கூண்டில் போட்டுத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே வைக்கிறோம். மண் எங்கே இருக்கிறது, போவதற்கு?

(காட்டுமுயல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுப்பு வயலிலோ வரப்பிலோ குட்டி தனியாகக் கிடந்தால் தூக்கி வராதீர்கள். தாய் விட்டுப் போகவில்லை. பால் கொடுக்க இருட்டின பிறகு வரும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பது தனிக்கதை.)

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே முயலும் வளர்க்கிறார்கள். ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. இரண்டும் குளிர்ந்த இடம். சமவெளியிலும் முயல் பண்ணை வைத்து நன்றாக நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் உயரமான ஓலைக் கொட்டகை போட்டு, சுற்றி மரம் வைத்து, கோடையில் சாக்கு நனைத்துத் தொங்கவிடுகிறவர்கள். சூடு அதிகமானால் கிடா முயலுக்கு இனவிருத்திச் சக்தியே குறைந்துவிடும் என்பதால், கணக்குத் தெரிந்த பண்ணைக்காரர் கோடை உச்சத்தில் இணை சேர்ப்பதைக்கூடத் தள்ளிப் போடுவார். தொழிலாகச் செய்கிறவரே ஒதுங்கி நிற்கிற மாதத்தில்தான் நாம் பிள்ளையின் லீவுக்கென்று வாங்கப் போகிறோம்.

வாங்குகிற இடத்தைப் பற்றியும் எனக்கு வருத்தம் உண்டு. ரோட்டோரக் கூண்டிலும் சில கடைகளிலும் விற்கிற குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அழகுதான். ஆனால் அந்த அளவுக் குட்டி நாலு வாரத்துக்குட்டி, தாயிடம் இருக்க வேண்டியது. எட்டு வாரமாவது ஆன பிறகு பிரித்தால்தான் நல்லது. பால் மறந்து புல்லுக்கு மாறும் நேரத்தில் அதன் குடல் அவ்வளவு பதமாக இருக்கும். அந்த நேரத்தில் தாயைப் பிரித்து, இடம் மாற்றி, தீனி மாற்றி, தெருவெயிலில் வைத்து, நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கினால் ஒரு வாரத்துக்குள் கழிச்சல் கண்டுவிடும். காலையில் பார்த்தால் கிடக்கும். வீட்டில் ஆச்சி "கண்ணு பட்டுருச்சு" என்பாள். கண்ணெல்லாம் படவில்லை.

அப்புறம் இந்த ஜோடிக் கணக்கு. தனியாக வாங்கினால் ஏங்கிச் செத்துப் போகும் என்று சொல்லி, கிடா ஒன்று பெட்டை ஒன்று என்று தலையில் கட்டுவார்கள். முயலுக்குத் துணை வேண்டும் என்பது உண்மை. அதற்குக் கிடாவும் பெட்டையும்தான் வேண்டும் என்பது வியாபாரம். நாலைந்து மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் ஒரு மாதம், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி சாதாரணம். ஈன்ற அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும். கிடாவைப் பிரித்து வைக்காத வீட்டில் அடுத்த கோடைக்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன வயதில் கிடாவா பெட்டையா என்று பார்ப்பது பழகின கைக்கே தடுமாறும் என்பதால், இரண்டும் கிடாவாகப் போய், பருவம் வந்ததும் ஒன்றை ஒன்று கடித்துக் குதறுவதும் நடக்கிறது.

குட்டி போட்ட வீட்டில் இன்னொரு கலவரம். "தாய் பாலே கொடுக்க மாட்டேங்கு, அண்ணாச்சி." கொடுக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அதுவும் யாரும் பார்க்காத நேரத்தில். பசும்பாலை நிரப்பி டிராப்பரில் விடுகிற வேலையெல்லாம் வேண்டாம். குட்டியின் வயிறு உருண்டையாக இருந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், வீட்டில் இருக்கிறது. என்ன செய்ய? முதலில் தட்டட்டியில் இருந்து கீழே கொண்டு வாருங்கள். பழைய வீடாக இருந்தால் தார்சா என்கிற முன்கூடம்தான் சிறந்த இடம், சிமெண்டுத் தரை குளிர்ந்திருக்கும். கம்பிக்கூண்டில் கால் புண்ணாகாமல் பாதித் தரைக்குப் பலகையோ சாக்கோ போடுங்கள். மண்பானை ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி பிரீசரில் உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தானே வந்து சாய்ந்துகொள்ளும். வெறும் ஃபேன் காற்றை நம்பாதீர்கள். வியர்க்கிற நமக்குத்தான் ஃபேன் காற்று குளுமை. நனைத்த சாக்கு வழியாக அந்தக் காற்று வந்தால் முயலுக்கும் பிரயோசனம். மூக்கு விரிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் வடிந்தால் தாமதிக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய்க் காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அதிர்ச்சியிலேயே போய்விடும். சும்மா இருக்கிற முயலைக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். பூனை மாதிரி அது தன்னையே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருப்பதே கேவலம்.

சாப்பாட்டில் காரட்டை மறந்துவிடுங்கள். அது இனிப்பு, எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய வேண்டுமானால் நாள் முழுக்கப் புல் மெல்ல வேண்டும். குடலும் நார் இருந்தால்தான் ஓடும். நம்மூரில் அருகம்புல்லுக்கா பஞ்சம்? வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் கொட்டிக் கிடக்கிறது. மருந்தடித்த வயலின் வரப்பை மட்டும் விட்டுவிட்டு, அறுத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால் நல்ல தீனி. வேலிமசால் என்கிற தீவனப் பயிர் கிடைத்தால் நல்லது. கல்யாண முருங்கை இலையை விரும்பித் தின்னும். அகத்தியும் முருங்கையும் சுண்ணாம்புச் சத்து அதிகம், கொஞ்சமாகக் கொடுங்கள். அதன் மூத்திரம் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி தரையில் படிவதைப் பார்த்தும், சில நாள் செம்பழுப்பாகப் போவதைப் பார்த்தும் பயந்துவிடாதீர்கள். இலைதழையின் நிறம்கூட அப்படி இறங்கும். ராத்திரி தன் மெத்துப் புழுக்கையைத் தானே தின்னுவதும் வியாதி இல்லை. புல்லின் சத்தை இரண்டாம் தடவையாக எடுத்துக்கொள்கிற ஏற்பாடு அது. பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் ஒரு மூலையில் குன்னி உட்கார்ந்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். டாக்டரிடம் கொண்டு போங்கள் என்றால் ஒருவர் சொன்னார்: "ஆட்டோவுக்குக் கொடுக்க காசுல இன்னொரு ஜோடி வாங்கிரலாம்லா." அவர் கெட்ட மனிதர் இல்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக டாக்டரைக் கூட்டி வருகிறவர். முயலின் விலை அவரை அப்படிப் பேச வைக்கிறது. பிஸ்கட் பாக்கெட் கணக்கில் உயிரை விற்றால் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். டாக்டருக்குப் பதில் மருந்துக் கடையில் பிள்ளைக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப்பில் மிச்சத்தை ஊற்றுகிறார்கள். முயலுக்கு அந்த மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்து. நாய் உண்ணிக்கு அடிக்கிற பிப்ரோனில் ஸ்பிரேயும் அப்படித்தான். காதில் சொறி வந்தது என்று அதை அடித்துக் கொன்ற கதைகள் உண்டு. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதோடு ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊர் இது. அங்கே போகச் சோம்பல் என்றால் எதற்கு வாங்குகிறீர்கள்?

நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து வருஷம் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கினால் அவன் காலேஜ் போகும்போதும் இருக்கும் என்று அர்த்தம். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த மறுநாளே அது அம்மா கைக்கு வந்துவிடும். மூத்திர வாடை, புழுக்கை கூட்டுவது, செருப்பு வாரும் சார்ஜர் வயரும் கடிபடுவது எல்லாம் அவளுக்குத்தான். ஆடி மாதத்துக்குள் "யாருக்காவது குடுத்துருவோம்" என்று ஆரம்பித்து, கடைசியில் கால்வாய்க் கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள். "புல்லு தின்னு பொழச்சுக்கிடும்" என்று ஒரு சமாதானம். தெருநாய் அன்றைக்கு ராத்திரியே முடித்துவிடும். பசியில் தவிக்க விட்டுவிட்டுப் போவது 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். ஆகவே வாங்கலாமா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். கூண்டு கழுவப் போகிறவரிடம் கேளுங்கள். பல வீடுகளில் அந்த ஒரு கேள்வியே போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால் தை மாதம் வாங்குங்கள். கார்த்திகை மழையின் ஈரம் போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது. இரண்டு மாதக் குட்டியைத் தையில் வாங்கினால் சித்திரை வரும்போது வளர்ந்து, வீடும் தீனியும் பழகி, வெயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதற்கு உடம்பும் பழகியிருக்கும். ரோட்டில் வாங்காமல் பண்ணைக்குப் போங்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், என்ன தேதியில் பிறந்தது என்று கேளுங்கள், நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். நோட்டு இல்லாத பண்ணை வேண்டாம். ஒரே ஈற்றுப் பெட்டைகள் இரண்டு வாங்கினால் துணைக்குத் துணையும் ஆச்சு, குட்டித் தொல்லையும் இல்லை. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருப்பது பெரும்பாலும் நியூசிலாந்து வெள்ளை, பெயர்தான் அப்படி, இனம் உருவானது அமெரிக்காவில். சாம்பல் நிறத்தில் சோவியத் சின்சில்லா கிடைக்கும். நம்மூருக்கு இரண்டும் போதும். நீள மயிர் அங்கோராவை மட்டும் மலைக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.

என்னிடம் குட்டி கேட்டு இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டும் பெட்டை.