டைகர் பாம்: குப்பியை மாற்றாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் "ரெண்டு டைகர் பாம் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடும் யாங்கோன்காரர்களே, அது பிறந்ததே நம் ஊரில், அன்றைய ரங்கூனில்தான். சீனத்து வைத்தியர் ஆவ் சூ கின் 1870களில் இங்கே எங் ஆன் தோங் என்ற மருந்துக்கடையைப் போட்டார். 1908இல் அவர் காலமானதும் மகன்கள் பூன் ஹாவ், பூன் பார் இருவரும் கடையை நடத்தினார்கள். 1926இல் தொழில் சிங்கப்பூருக்குப் போனது. புலி வந்தது அண்ணன் பூன் ஹாவின் பெயரிலிருந்து; ஹாவ் என்றால் புலி. புலித்தலை பொருத்திய காரையே விளம்பரத்துக்கு ஓட்டிய ஆள் அவர்.

எல்லாரும் புலியைக் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு அந்த அறுகோணக் கண்ணாடிக் குப்பிக்கு.

டைகர் பாமில் சிவப்பு, வெள்ளை என்று வகைகள் உண்டு. சிவப்பு வகையில் பொதுவாக 25 சதவீதம் கற்பூரம், 10 சதவீதம் மென்தால், அதாவது நம் புதினா உப்பு. (அமெரிக்காவில் விற்பதில் கற்பூரம் 11 சதவீதம்தான்.) இந்த இரண்டையும் சேர்த்து அரைத்துப் பாருங்கள், அடுப்பே இல்லாமல் எண்ணெயாக இளகிவிடும். கூடவே கயாபுட்டி (ஒரு மரத்தின் இலையில் எடுப்பது), கிராம்பு, சீன லவங்கப்பட்டை எண்ணெய்கள். அத்தனையும் காற்றில் பறக்கிற சரக்கு. மெழுகும் வாசலினும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. இதைப் பிளாஸ்டிக் டப்பாவில் வழித்துப் போட்டால் சிலவகைப் பிளாஸ்டிக் இளகி ஒட்டும். மெல்லியதாக இருந்தால் அதன் வழியாகவே வாசம் கசியும். கண்ணாடிக்கு அந்த வம்பில்லை. ஆனால் குப்பியின் விளிம்பில் தைலம் அப்பியிருந்தால் மூடி சரியாக உட்காராது. விரலால் எடுத்ததும் விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள். பர்மியப் புத்தாண்டான திஞ்சான் வெயிலில் காருக்குள் விட்டால் உருகும். திரும்ப உறையும்போது சொரசொரப்பாகிவிடும்.

சிவப்பில் உள்ள பட்டை எண்ணெய் துணியில் கறை வைக்கும். தலைவலிக்கு நெற்றியில் தடவ வெள்ளைதான் சரி. முழங்காலுக்கும் இடுப்புக்கும் சிவப்பு.

தடவிவிட்டு மேலே வெந்நீர்ப் பை வைப்பதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் நம் வீடுகளில் சர்வசாதாரணம். தயவுசெய்து வேண்டாம். மென்தால் குளிர் உணரும் நரம்பையும் கற்பூரம் சூடு உணரும் நரம்பையும் தூண்டுவதால்தான் வலி மட்டுப்படுகிறது. அதன்மேல் வெளிச் சூடும் சேர்ந்தால் தோல் வெந்து கொப்புளம் போடும். வெட்டுக்காயத்திலும் கண்ணருகிலும் தடவக் கூடாது.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி என்று நெஞ்சில் தேய்க்கிற பாட்டிமார்கள் கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லியே ஆகவேண்டும். 19.4 கிராம் சிவப்புக் குப்பியில் ஏறக்குறைய 5 கிராம் கற்பூரம் இருக்கிறது. 1 கிராம் உள்ளே போனதிலேயே சிறு குழந்தை இறந்ததாக மருத்துவப் பதிவு உண்டு. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று டாக்டர் கேட்பார். அது குப்பி லேபிளில் இருக்கிறது. நீங்கள் வழித்துப் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இருக்காது.