சடாகோவைவிட ரெய்கோவைப் பார்த்துத்தான் பயந்தேன்

போன வாரம் அடுத்தடுத்து இரண்டு இரவுகள், 'ரிங்கு'வையும் 'தி ரிங்'கையும் மறுபடி பார்த்தேன். அக்காவும் கூட இருந்தாள். 1998ல் ஜப்பானில் ஹிடியோ நகாடா இயக்கியது 'ரிங்கு'. அதையே 2002ல் கோர் வெர்பின்ஸ்கி அமெரிக்காவில் 'தி ரிங்' என்று எடுத்தார். பார்த்த நாளிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம்மில் பலர் அமெரிக்கப் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்போம். பேய்ப்படத்தில் முதலில் பார்த்ததுதான் மனதில் தங்கும். டிவியிலிருந்து ஒருத்தி வெளியே வருவாள் என்று தெரிந்துவிட்ட பிறகு, இன்னொரு டிவியிலிருந்து இன்னொருத்தி வந்தால் எவ்வளவு பயம் மிச்சம் இருக்கும்? அதனால் ரொம்ப வருடங்களாக, 'ரிங்கு மெதுவாகப் போகும், ரிங்தான் உண்மையில் பயமுறுத்தும்' என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கருத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

கதை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு வீடியோ கேசட். பார்த்து முடித்ததும் போன் அடிக்கும், ஏழாவது நாள் சாவு. செய்தியாளராக வேலை செய்யும் ஒரு தாய் ('ரிங்கு'வில் ரெய்கோ, 'தி ரிங்'கில் ரேச்சல்) அதைப் பார்க்கிறாள். தன்னைப் பிரிந்துபோன, மகனின் அப்பாவிடம் (ரியூஜி, நோவா) உதவி கேட்கிறாள், அவனும் பார்க்கிறான். அப்புறம் யாரும் கவனிக்காத நேரத்தில் மகனும் (யோயிச்சி, எய்டன்) பார்த்துவிடுகிறான். தேடிப்போனால், கொல்வதற்காகக் கிணற்றில் போடப்பட்ட ஒரு பெண் (சடாகோ, சமாரா). எலும்புகளை வெளியே எடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் மகனின் அப்பா நாள் தவறாமல் சாகிறான். தாய் மட்டும் ஏன் பிழைத்தாள்? கேசட்டைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

அமெரிக்கப் படத்தை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. கப்பலில் அந்தக் குதிரை மிரண்டு ஓடும் காட்சி ஒன்று போதும். கட்டுப்பட்டு நின்ற குதிரை ரேச்சல் பக்கத்தில் போனதும் வெறிபிடித்து, தடுப்பைத் தாண்டிக் கடலில் குதிக்கிறது. ஜப்பானியப் படத்தில் இதற்கு இணையான ஒன்று கிடையாது. அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் காட்சி. நோவா உள்ளே கேசட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ரேச்சல் பால்கனியில் நின்று எதிர்க் குடியிருப்பைப் பார்க்கிறாள். ஜன்னலுக்கு ஜன்னல் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இது எங்கெல்லாம் பரவக்கூடும் என்று அந்த ஒரு ஷாட்டிலேயே தெரிந்துவிடுகிறது. நவோமி வாட்ஸின் நடிப்பிலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

பிறகு எங்கேதான் இரண்டும் பிரிகின்றன?

முதலில் அந்தப் போன். 'தி ரிங்'கில் போனை எடுத்தால் ஒரு குரல், ஏழு நாள் என்று சொல்லும். ஏழு நாள் கெடு என்று நமக்கே தெளிவாகப் புரிகிறது. 'ரிங்கு'வில் ரெய்கோ போனை எடுக்கும்போது பேச்சே கிடையாது. கேசட்டில் கேட்ட அதே உலோகம் கீறுகிற மாதிரி சத்தம் மட்டும். யாரோ மிரட்டினால்கூட, அவர்களுக்கு நம்மிடம் ஏதோ வேண்டியிருக்கிறது என்று ஆகிவிடும். இந்தச் சத்தத்துக்கு நம்மிடம் எதுவும் வேண்டாம்.

கேசட்டும் அப்படித்தான். வெர்பின்ஸ்கியின் கேசட் அழகாக எடுக்கப்பட்ட ஒரு விடுகதை. ஏணி, கலங்கரை விளக்கம், குதிரைகள், தீப்பிடித்தாற்போல் ஒற்றை மரம், கண்ணாடி முன்னால் தலைவாரும் பெண். ரேச்சல் போகும் இடமெல்லாம் இவற்றில் ஒவ்வொன்றாக எதிர்ப்படுகிறது. பார்க்கும் நமக்கும் துப்புத் துலக்கும் சந்தோஷம். நகாடாவின் கேசட்டிலும் தலைவாரும் பெண் உண்டு, கிணறு உண்டு. ஆனால் தரையில் பின்னோக்கித் தவழும் அந்த மனிதர்கள் யார்? கடைசிவரை பதில் இல்லை. தலையில் துணி மூடி, விரல் நீட்டி நிற்கும் ஓர் உருவம் வருகிறது. கடைசியில் ஒரு தடவை அது மறுபடி தோன்றி ரெய்கோவின் பையைச் சுட்டிக்காட்டுகிறது, அவளும் காரணத்தைக் கண்டுபிடிக்கிறாள். அது யார் என்று அப்போதும் படம் சொல்வதில்லை. முன்பு இதை நான் குறையாக நினைத்தேன். இப்போது, விடை கிடைத்த பயம் பாதிப் பயம்தான் என்று தோன்றுகிறது.

இதற்கு நடுவே ஒன்றைச் சொல்ல வேண்டும். சடாகோவின் தாய் ஷிசுகோவுக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் சோதனை நடத்தும் காட்சி 'ரிங்கு'வில் வருகிறது. எல்லோரும் அவளை மோசடிக்காரி என்று கத்துகிறார்கள். இதன் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. 1910 வாக்கில் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஃபுகுராய் டோமோகிச்சி, மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணை வைத்து இப்படிப்பட்ட சோதனைகளை நடத்தினார். அவளுடைய ஆற்றலைச் சந்தேகித்துப் பத்திரிகைகள் எழுதின. 1911 ஜனவரியில் அவள் விஷம் குடித்து இறந்துபோனாள். அந்தக் காட்சியில் அவமானப்பட்டு நிற்கும் ஷிசுகோவின் முகத்தை இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, சடாகோவின் கோபம் பேயின் கோபமாகவே தெரியவில்லை. அநியாயமாகச் செத்த பெண் நியாயம் கேட்டுத் திரும்பி வருவது ஜப்பானின் பழைய மரபு. கிணற்றில் செத்துத் தட்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கும் ஒகிகுவின் கதையைப் பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். சடாகோ அந்த வரிசையில் வருகிறாள். அமெரிக்கப் படத்தில் இந்த இடத்தில் ஒரு குதிரைப் பண்ணையும் மனநல மருத்துவமனையும் வந்துவிடுகின்றன. சமாரா பிறவியிலேயே கெட்டதாக வந்த குழந்தை என்ற எண்ணத்தைத்தான் அந்தப் படம் நமக்குக் கொடுக்கிறது. ஒரு குழந்தையைப் பற்றி அப்படி முடிவு கட்டுவது எனக்கு ஏற்கவே இல்லை.

அப்புறம் கிணறு. இரண்டு படத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால் இந்த ஒரு காட்சியை மட்டும் வைத்தே ஒப்பிட்டுவிடலாம். ரேச்சல் கிணற்றுக்குள் தள்ளப்பட்டு விழுகிறாள். ஒரு விபத்து மாதிரி. அங்கே சமாராவின் உடலைக் கண்டெடுக்கிறாள், பளிச்சென்ற கிராபிக்ஸ், காட்சி முடிந்தது. ரெய்கோவும் ரியூஜியும் தெரிந்தே இறங்குகிறார்கள். வீட்டின் அடியில், இருட்டில், வாளியால் தண்ணீரை இறைக்கிறார்கள். ரியூஜி கீழே நிரப்புகிறான், ரெய்கோ மேலே கயிற்றை இழுக்கிறாள். வாளி வாளியாக. நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அன்றுதான் அவளுக்குக் கடைசி நாள். கை சோர்ந்து ஒரு கட்டத்தில் அவளால் இழுக்கவே முடியவில்லை. ரியூஜி அதட்டி அவளைக் கீழே அனுப்புகிறான். சேற்றில் கைவிட்டுத் துழாவுகிறாள். மண்டையோடு கிடைக்கிறது. முகத்தில் ஒட்டியிருந்த முடி வழுக்கிக்கொண்டு விழ, அதை அப்படியே மார்போடு அணைத்துக்கொள்கிறாள். இங்கே அக்கா அழுதாள். பேய்ப்படத்தில் அவள் அழுது நான் பார்த்ததே கிடையாது. அந்த வாளிகள் அத்தனையையும் நாமும் கூட இருந்து இழுத்தது போல் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டிவியிலிருந்து வரும் காட்சியைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். சடாகோவாக நடித்தவரைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படமெடுத்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். அந்த நடை ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்பதற்கு அதுதான் காரணம். சாதாரண வீடு, சாதாரண வெளிச்சம். முகத்தைக் காட்டுவதே இல்லை, முடிக்கு நடுவே ஒரு கண் மட்டும். சமாராவுக்கு ரிக் பேக்கர் ஒப்பனை. திறமையான வேலைதான். ஆனால் முகம் தெரிந்ததும் நமக்குக் கொஞ்சம் மூச்சு வந்துவிடுகிறது.

சரி, முடிவுக்கு வருகிறேன். நான் எழுதவந்ததே இதற்குத்தான்.

'தி ரிங்'கில் ரேச்சல், எய்டனின் கையைப் பிடித்து அவனையே பிரதி எடுக்க வைக்கிறாள். நாம் யாருக்குக் காட்டுகிறோமோ அவருக்கு என்ன ஆகும் என்று பையன் கேட்கிறான். அவள் பதில் சொல்வதில்லை. படம் முடிகிறது. அந்த 'யாரோ' ஒருவர் நாம்தான் என்று சிலர் சொல்வார்கள், ஏனென்றால் நாமும் கேசட்டைப் பார்த்துவிட்டோமே. நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு அது தப்பித்துக்கொள்வதாகவே படுகிறது. யாரோ ஒருவர் என்றால் முகமில்லாத ஒருவர். முகமில்லாதவருக்காக நாம் எவ்வளவு நேரம் வருந்துவோம்?

ரெய்கோ அப்பாவுக்குப் போன் செய்கிறாள். யோயிச்சிக்காக ஒரு உதவி வேண்டும் என்கிறாள். காரில் வீடியோ பிளேயர். முன்னால் நீண்ட சாலை, மேலே கருத்த வானம். அவ்வளவுதான் படம். அவள் யாரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்பது நமக்குத் தெரியும். பேரனை வைத்துப் பார்த்துக்கொள்ளும் எளிய மனிதர் அவர். மகள் ஏதோ உதவி கேட்டு வருகிறாள் என்றுதான் அவர் காத்திருப்பார்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோஜி சுசுகி 1991ல் எழுதிய நாவலில் கதைநாயகன் ஓர் ஆண். மனைவியையும் மகளையும் காப்பாற்ற, கடைசியில் மாமனார் வீட்டுக்குக் கிளம்புகிறான். திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகாஹாஷி அவனைத் தாயாக மாற்றியபோது, பலியாகப் போகிறவரையும் மாற்றினார். மாமனார் இப்போது சொந்த அப்பா. இது சின்ன மாற்றம் இல்லை. பேயால் வரும் சாவைத் தள்ளிவிட வேண்டும், தள்ளினால் தன் அப்பாமேல்தான் விழும் என்று ஒருத்தி தீர்மானிக்கிறாள். அந்தத் தீர்மானத்தை எடுக்கையில் அவள் முகத்தில் கோபமோ பைத்தியமோ இல்லை. ஒரு தாயின் முகம்தான் இருக்கிறது. அமெரிக்கப் படக்குழு கதையில் எவ்வளவோ கூட்டினார்கள், 96 நிமிடப் படத்தை 115 நிமிடமாக்கினார்கள். இந்தக் கடைசி வாசலில் மட்டும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அக்கா கேட்டது ஒன்றுதான்: "நீயா இருந்தா யாருகிட்டக் குடுப்ப?"

எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவளும் தன் பதிலைச் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. மறுநாள் 'தி ரிங்' பார்த்து முடித்தபோது இந்தக் கேள்வி வரவே இல்லை. கப்பல் காட்சியைப் பற்றிப் பேசிவிட்டுத் தூங்கப் போய்விட்டோம்.

அமெரிக்கப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு இதுவரை படித்து வந்தவர்கள் தயவுசெய்து ஒரு தடவை 'ரிங்கு'வைப் பாருங்கள். டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு பாருங்கள், அந்தப் போன் சத்தம் சரியாகக் கேட்க ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரியூஜி செத்ததும் படம் முடிந்ததாக நினைத்து எழுந்துவிடாதீர்கள். கார் அந்தச் சாலையில் போய் மறையும் வரைக்கும் உட்கார்ந்திருங்கள்.