2000 ரூபாய்க்கு மேல் யுபிஐயில் அனுப்பினால் 18% ஜிஎஸ்டியா?

"2000 ரூபாய்க்கு மேல் ஜிபே செய்தால் 18% வரி. 3000 அனுப்பினால் 540 போச்சு!" 2025 ஏப்ரலில் கிளம்பிய இந்த வாட்ஸ்அப் செய்தி இன்னும் அடங்கவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடையில்கூட "2000க்கு மேல் ரொக்கம் மட்டும்" என்று அட்டை தொங்குகிறது.

தகவல் தவறு. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று 2025 ஏப்ரல் 18-ம் தேதியே நிதி அமைச்சகம் மறுத்துவிட்டது.

கணக்கே இடிக்கிறது, பாருங்கள். அனுப்பும் பணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பணத்தைக் கொண்டு சேர்க்க வாங்கும் கட்டணத்துக்குத்தான் ஜிஎஸ்டி. கிரெடிட் கார்டில் 3000 ரூபாய்க்குக் கடைக்காரரிடம் 2% பிடித்தால் கட்டணம் 60 ரூபாய், அதன் மேல் வரி 10 ரூபாய் 80 காசு. அதுவும் கடைக்காரர் தலையில்தான். வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐக்கோ, 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணமே பூஜ்யம். அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. கட்டணம் பூஜ்யம் என்றால் அதற்கு வரி எங்கிருந்து வரும்?

சரி, 2000 என்ற எண் எப்படி ஒட்டிக்கொண்டது? 2023-ல், முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வாலெட் வழியாக 2000-க்கு மேல் கடைக்குச் செலுத்தும்போது 1.1% வரை கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அதுவும் வாடிக்கையாளருக்கு அல்ல. அந்தப் பழைய குழப்பத்தைத்தான் யாரோ தூசி தட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

வெளிநாடுகளில் இந்தக் கட்டணம் எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் கார்டுக் கட்டணத்தை ஒழிக்கவில்லை. அந்தக் கட்டணத்தில் வங்கிகளுக்கிடையே கைமாறும் பங்குக்கு டெபிட்டில் 0.2%, கிரெடிட்டில் 0.3% என்று 2015-ல் உச்சவரம்பு போட்டது. பிரேசிலில் யுபிஐ போன்ற 'பிக்ஸ்' சேவையை மத்திய வங்கியே நடத்துகிறது. தனிநபர்களுக்குப் பொதுவாக இலவசம்.

அட்டையைக் கழற்றச் சொன்னேன். "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்றார் அண்ணாச்சி.