கிழிக்கவும் வேண்டாம், அப்படியே பிடித்துக்கொள்ளவும் வேண்டாம்

யூதச் சமயச் சட்டம் என்றாலே "பழைய ஏட்டில் உள்ளதை ஒப்பிப்பதுதானே" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

யூதச் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான பாபிலோனியத் தல்மூதில், பாபா பத்ரா பகுதியில் ஓர் இடம் வருகிறது. ரவா என்ற அறிஞர் தன் மாணவர் இருவரிடம் சொல்கிறார்: என் தீர்ப்பு உங்கள் கைக்கு வந்து, அதில் தப்பு இருப்பதாகப் பட்டால், உடனே கிழிக்காதீர்கள். என்னிடம் வாருங்கள். காரணம் இருந்தால் சொல்கிறேன், இல்லாவிட்டால் மாற்றிக்கொள்கிறேன். சரி, அவர் இறந்த பிறகு? அப்போதும் கிழிக்கக் கூடாதாம். உயிரோடு இருந்தால் ஒரு காரணம் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் அதை வைத்துத் தீர்ப்பும் சொல்லக் கூடாதாம். நீதிபதிக்குத் தன் கண்ணில் படுவது மட்டுமே உண்டு என்கிறார்.

தன் காலத்துக்குப் பிறகும் தன் சொல்லே நிற்க வேண்டும் என்று அடம்பிடிக்காத மனிதர். இதைப் படித்த நாளிலிருந்து அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

1565இல் வெனிஸில் யோசேப் காரோவின் 'ஷுல்கான் அருக்' என்ற சட்டத் தொகுப்பு அச்சாகிறது. 'விரித்து வைத்த மேசை' என்று பொருள். முந்தைய சட்ட அறிஞர் மூவரை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இருவர் சொல்வதையே முடிவாக வைக்கிறார். எளிய வழிதான். சாதாரண மனிதனுக்குத் தெளிவான பதில் வேண்டும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பிராகா நகரின் மகரால் என்ற ரப்பி (யூத சமய குரு) இந்தப் போக்கை ஏற்கவில்லை. காரணம் புரியாமல் நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன், வழி தெரியாமல் நடக்கும் குருடன் போல என்றார்.

அந்த நூலிலேயே பாருங்கள். புளித்த மாவுப் பண்டம் கூடாத பஸ்கா பண்டிகை நாட்களில் அரிசி சமைக்கலாம் என்கிறார் காரோ. அதே பக்கத்தில், சின்ன எழுத்தில், போலந்தின் கிராகோ நகரத்து ரப்பி மோசே இசர்லஸ் "எங்கள் பக்கம் விலக்குவதே வழக்கம்" என்று குறிக்கிறார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் அழிக்கவில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

பானைச் சோற்றில் இது சின்ன விஷயம். கணவன் காணாமல் போன பெண்ணுக்கு அப்படியல்ல. அவன் இறந்தது உறுதியாகாதவரை அவளுக்கு மறுமணம் கிடையாது. 1973இல் எகிப்து, சிரியாவுடன் நடந்த போரில் இஸ்ரேலிய வீரர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அப்போது இஸ்ரேலின் தலைமை ரப்பிகளில் ஒருவராக இருந்த ஓவாடியா யோசேப் முன்னோர் தீர்ப்புகளை மலைபோல் குவித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றையும் தள்ளவில்லை. ஆனால் மொத்தமாக ஒரு விடை எழுதி முடிக்கவும் இல்லை: இவன் எங்கே இருந்தான், யார் பார்த்தது, என்ன கிடைத்தது என்று ஆள் ஆளாக விசாரித்து, அந்தப் பெண்களுக்கு மறுமண அனுமதி கொடுத்தார்.