தானாக வரும் பணமும், கேட்டால் மட்டுமே வரும் பணமும்

சிங்கப்பூரில் குடும்பத்துக்கு ஒன்றாக அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு வெளியாகும் நாளில் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்திருப்பீர்கள். காலைக் காப்பிக்கு முன்பே இணைப்பு வந்துவிடும். "சிங்பாஸ்ல போங்க, குடும்பத்துக்கு ஒருத்தர் எடுத்தா போதும்" என்று ஒரு மாமா வழிகாட்டுவார். மதியத்துக்குள் யார் எந்தக் கடையில் செலவழித்தார்கள் என்பதுவரை தெரிந்துவிடும். 2025ல் நாட்டின் 60 ஆண்டு நிறைவுக்கு வந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டுக்கும் இதே சுறுசுறுப்புதான். 21 வயதிலிருந்து 59 வரை 600 வெள்ளி, 60 ஆகிவிட்டால் 800. நல்ல விஷயம். நானும் முதல் நாளே எடுத்தேன்.

அதே குழுவில், பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு மகளும் இருப்பார். அவர் வீட்டுக்கு மாதாமாதம் வரவேண்டிய பணத்தைப் பற்றி அந்தக் குழுவில் யாரும் ஒரு வரி போட்டுப் பார்த்ததில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது. எல்லாருக்கும் கிடைக்கிற சின்னத் தொகை கைப்பேசியைத் தேடி வருகிறது. ஒரு சிலருக்கே கிடைக்கிற, அவர்களுக்கு ரொம்பவும் தேவைப்படுகிற தொகையை அவர்களேதான் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்பதில்தான் நம் ஆட்கள் பின்தங்கி நிற்கிறோம்.

முதல் தடை, "அதெல்லாம் கஷ்டப்படுறவங்களுக்குங்க, நமக்குக் கிடைக்காது" என்ற பேச்சு. யார் சொன்னது? பெரும்பாலான உதவித் திட்டங்களில் வீட்டின் மொத்தச் சம்பளத்தை வைத்து முடிவு செய்வதில்லை. வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு 3,600 சம்பாதிக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி. மொத்தம் 7,200. ஆறு பேரால் வகுத்தால் தலைக்கு 1,200 வெள்ளி. இது மருத்துவக் கட்டணச் சலுகை தரும் சாஸ் நீல அட்டைக்குள் வருகிற குடும்பம். ஆனால் 7,200 என்ற எண்ணைப் பார்த்தே பின்வாங்கிவிடுவார்கள். பாலர் பள்ளிக் கூடுதல் மானியமோ, குடும்பத்தின் மொத்த வருமானம் மாதம் 12,000 வெள்ளிவரை இருந்தாலும் கிடைக்கும். வீட்டில் ஆள் அதிகம் என்றால் தலைக்கணக்கிலும் கேட்கலாம். பத்தாயிரம் சம்பாதிக்கிற வீட்டில் போய் "மானியம் கேட்டீங்களா" என்றால் முறைக்கிறார்கள். என்ன செய்வது!

இன்னொன்று, ஐசி எனும் அடையாள அட்டையில் உள்ள முகவரி. அந்தக் கணக்கில் யார் யாரைச் சேர்ப்பது என்பது அதைப் பொறுத்தது. ஒரே முகவரியில் பதிவாகியிருக்கும் ரத்த சொந்தம், திருமண உறவு எல்லாம் ஒரே குடும்பம். மகன் கல்யாணம் முடிந்து பொங்கோலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஐசியில் முகவரி மட்டும் அம்மா வீட்டிலேயே இருக்கும். அவன் சம்பளமும் அம்மா கணக்கில் ஏறி, அம்மாவின் மானியம் குறைந்துபோகும். வீடு மாறினால் 28 நாளில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டமே. அது வேறு திசையிலும் கடிக்கும். அம்மா உங்களோடுதான் இருக்கிறார், முகவரி தங்கை வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். பணிப்பெண் வைத்திருப்பதற்கு அரசுக்குக் கட்டும் தீர்வையில் சலுகை கிடைக்காது. 67 வயது நிறைந்த பெற்றோர் அதே முகவரியில் இருந்தால் மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 கட்டினால் போதும். வருடத்துக்கு 2,880 வெள்ளி மிச்சம். எந்தப் பற்றுச்சீட்டு இவ்வளவு தருகிறது?

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: வீட்டில் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ ஒருவர் இருக்கும் குடும்பங்கள்.

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் கை வேண்டும் என்றால் பல கதவுகள் திறக்கும். இல்லப் பராமரிப்பு மானியம் 2019ல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கியது. 2023ல் 400 வரை ஆனது. 2026 ஏப்ரலில் இருந்து 600 வரை. வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1949 முடிவதற்குள் பிறந்த முன்னோடித் தலைமுறையினர் என்றால் அதற்குமேல் மாதம் 100 வெள்ளி, ஆயுள் முழுவதும். மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போதிய பணம் இருந்தால் அதிலிருந்து மாதம் 200 வரை ரொக்கமாக எடுக்கலாம். இவை தவிர எல்டர்ஷீல்டு. 2002ல் வந்த காப்பீடு அது. நாற்பது வயதில் தானாகவே சேர்த்து, வருடாவருடம் மெடிசேவில் சந்தா பிடித்தார்கள். அப்பா சந்தா கட்டினார் என்பதே பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்த நாள் திட்டத்தில் மாதம் 300 வெள்ளி, 60 மாதத்துக்கு. பின்னர் 2007இலிருந்து சேர்ந்தவர்களுக்கு 400 வெள்ளி, 72 மாதத்துக்கு. ஆக மொத்தம் 18,000 வெள்ளியோ, 28,800 வெள்ளியோ! கட்டிய காப்பீட்டைக் கேட்பதில் என்ன கூச்சம்?

இதெல்லாம் கிடைக்க ஒரு மதிப்பீடு நடக்கும். அங்கேதான் நம் வீடுகளில் காரியம் கெடுகிறது. பக்கத்துப் புளோக்கில் ஒரு பாட்டிக்கு மதிப்பீடு செய்ய வந்தபோது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த பெண்மணி பொறுமையானவர். "நீங்களே குளிப்பீங்களா?" என்று கேட்டார். பாட்டி முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாம்மா, நானேதான் குளிக்கிறேன்" என்றார். குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதுகு தேய்த்து, ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுவது மருமகள். அவர் வாசல் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள் முன்னால் மாமியாரை மறுத்துப் பேசுவதாவது? "தானா நடப்பீங்களா?" "ஓ, நடப்பேனே." சுவரைப் பிடித்து இரண்டடி வைத்துக் காட்டவும் செய்தார். பாட்டி சொன்னதை அப்படியே மொழிபெயர்ப்பதா, கண்ணால் பார்ப்பதைச் சொல்வதா என்று எனக்கே தர்மசங்கடம். கடைசியில் மருமகளைப் பார்த்து, "அக்கா, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நீங்க என்னென்ன செய்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அதன்பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

பெரியவர்களின் மானம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பீட்டுக்கு முந்தின நாளே அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். "பாட்டி, நாளைக்கு வர்றவங்க உங்களைக் குறை சொல்ல வரலை, எனக்கு உதவி கிடைக்குமான்னு பாக்க வர்றாங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளைக்கு நன்மை என்றால் எந்தப் பாட்டி மறுப்பார்? மதிப்பீட்டின்போது, தினம் பார்த்துக்கொள்பவர் அருகில் இருக்க வேண்டும். பாதிப் பேர் வீட்டில் அது நடப்பதில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார் என்று எதுவும் தெரியாத பெரிய மகனை உட்காரவைத்து விடுகிறார்கள்.

சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கு ஒன்று. வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், டியூஷன் எடுப்பவர், தையல் வேலை பார்ப்பவர் எல்லாம் வருமானம் குறைவுதான் என்று கணக்கே காட்டுவதில்லை. நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு, குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசு தரும் வொர்க்ஃபேர் தொகை தானாக வரும். உங்களுக்கு வராது. வருமானத்தை அறிவித்து, மெடிசேவுக்கு உங்கள் பங்கைக் கட்டினால்தான் வரும். உங்களுக்கு வருவதில் பெரும்பகுதி மெடிசேவுக்கே போகும், ரொக்கம் கொஞ்சம்தான். இருந்தாலும் வயதான காலத்தில் மருத்துவமனைக் கட்டணம் கட்டப்போவது அந்தப் பணம்தானே.

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையும் மறக்க வேண்டாம். சம்பளச் சீட்டில் மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரை பிடிக்கிறார்களே, அது 1991ல் தொடங்கிய நம் சமூக அமைப்புக்குத்தான். இத்தனை வருடம் கொடுத்தவர்கள், பிள்ளைக்குத் துணைப்பாடம் வேண்டும் என்றால் சிண்டாவிடம் கேட்காமல் வெளியே மணிக்கு எவ்வளவோ கொடுத்து ஆள் தேடுகிறார்கள்.

அரசாங்கத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. 2016ல் தொடங்கிய சில்வர் சப்போர்ட்டுக்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மத்திய சேம நிதிக் கணக்கு, வீட்டு வகை, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்து, தகுதியுள்ள முதியவருக்குக் காலாண்டுக்கு ஒருமுறை பணம் போடுகிறார்கள். அதில் முடிகிறது என்றால் மற்றவற்றில் ஏன் முடியாது? உடல்நிலையை நேரில் பார்க்காமல் மானியம் தர முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பக்கவாதம் வந்தவர் பொது மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார் என்பது மருத்துவமனைக்குத் தெரியும். அவர் முன்னோடித் தலைமுறை என்பதும் தெரியும். எல்டர்ஷீல்டு இருக்கிறதா என்பதும் பதிவில் இருக்கிறது. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்பலாமே. மாத்திரைப் பையும் அடுத்த சந்திப்புத் தேதியும் கொடுத்து அனுப்பும்போது குடும்பம் இருக்கிற மனநிலையில் மானியம் பற்றி யார் யோசிப்பார்கள்? மருத்துவச் சமூக ஊழியர் சொல்வார் என்கிறார்கள். பலர் நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் அவரைப் பார்க்கக் கேட்க வேண்டும் என்பதே நம் ஆட்களுக்குத் தெரியவேண்டுமே.

மோசடி பயமும் இருக்கிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் வரும் "அரசாங்கப் பணம்" இணைப்பு எதையும் தொடாதீர்கள். முதியோர் பராமரிப்புக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060ல் நீங்களே கூப்பிடுங்கள். சாப்பாட்டுக்கே, வாடகைக்கே திண்டாட்டம் என்றால் அரசின் நிதியுதவித் திட்டமான காம்கேர் 1800-222-0000, அல்லது அருகிலுள்ள சமூக சேவை அலுவலகம். மொழி தடையாக இருந்தால் பேரனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ கூட்டிப்போகலாம்.

எல்டர்ஷீல்டு பணம் வாங்கிய அனுபவம் இங்கே யாருக்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் இழுத்தடித்தது, எந்தப் பத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று விவரமாக எழுதினால், அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர் அதைக் கையோடு எடுத்துப்போவார்.