கோணலாக இருந்தாலும் பிள்ளை செய்ததே இருக்கட்டும்

மே மாதம் வந்தால் மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் வீட்டில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்காமார் பலர் கைவினைப் பெட்டி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். வெட்டிவைத்த அட்டை, கிளிட்டர், ஒட்டுகிற கண்கள். சாயந்திரம் அம்மா வரும்போது அழகாக ஒன்றைக் காட்ட வேண்டுமே என்று கடைசியில் பெரியவர்களே ஒட்டி முடித்து, மேலே பிள்ளையின் பெயரை எழுதுகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டிலிருந்து ஐந்து வயசு வரை பிசைவதும் ஊற்றுவதும் கிழிப்பதும்தான் வேலை. அதற்கு வேண்டியதெல்லாம் அடுக்களையிலும் முற்றத்திலும் கிடக்கிறது.

சிரட்டையை எடுங்கள். தேங்காய் உடைக்கும்போது கண் உள்ள பாதியைத் தனியாக வையுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், முளை வருவது அதன் வழியே. ஆணியால் குத்தினால் உடனே திறந்துவிடும். மற்ற இரண்டுக்கும் சுத்தியல் வேண்டும். ஒரு சிரட்டையில் ஒரு துளை, இன்னொன்றில் மூன்று துளை. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி எது முதலில் காலியாகும் என்று கேளுங்கள். மூன்று வயசுப் பிள்ளை இதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும். வெளிநாரைச் சுரண்டாவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் உதடு கிழியும், ஏனென்றால் எப்படியும் அதில் குடித்துப் பார்ப்பார்கள். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

பேசினில் இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். சின்னப் பிள்ளை மூழ்க அந்த இரண்டு அங்குலமே போதும், சத்தம்கூடக் கேட்காது. போன் அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அடிக்கட்டும், விடுங்கள்.

மாவு பிசைய: மைதா 2 கப், தூளுப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் கப். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையே ஊற்றட்டும். ஒட்டினால் மாவு, உதிர்ந்தால் ஒரு கரண்டி தண்ணீர். கல்லுப்பு கரையாமல் நறநறக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், உப்பு அதை இழுத்துக்கொள்ளும், அதனால் மறுநாள் காலையில் மாவு பிசுபிசுக்கும். மாவு கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், ஒரு கைப்பிடி மைதா சேர்த்துப் பிசைந்தால் சரியாகிவிடும். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள், நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். எதையும் வாயில் போடுகிற வயசென்றால் உப்பில்லாமல் பிசைந்து அன்றைக்கே கொட்டுங்கள். இவ்வளவு உப்பு வயிற்றுக்குள் போவது ஆபத்து.

ஐந்தாறு செம்பருத்திப் பூவின் இதழைச் சுடுதண்ணீரில் போட்டு ஆறவைத்தால் ஊதாத் தண்ணீர் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் பச்சையாகும். இதில் பெரியவர் செய்ய வேண்டியது சுடுதண்ணீர் ஊற்றுவது மட்டும்.

காகிதம் ஒட்ட, 2 கரண்டி மைதாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் காய்ச்சினால் போதும். போஸ்டர் ஒட்டுகிற பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் தொடுகிற பசையில் கூடவே கூடாது.

ஓலைக் காற்றாடியை நாலு வயசுப் பிள்ளை முடையாது, அதை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். குருத்தோலைக்காக மரத்தை வெட்டாதீர்கள். இளம்பச்சை ஓலைக்கால் போதும், முற்றியது மடிக்கும்போதே ஒடியும். ஈர்க்கிலிலிருந்து ஓலையைக் கிழித்து எடுப்பது பிள்ளையின் பங்கு. ஈர்க்கில் நுனியை மடக்கிக் கட்டிய பிறகே கையில் கொடுங்கள், ஓடி விழுந்தால் கண்ணில் குத்தும். வெயிலில் ஓலை சுருண்டுவிடும், காலையிலேயே செய்யுங்கள்.

கமுகம்பாளையில், அதாவது பாக்குமரத்து மட்டையில், உட்காரவைத்து இழுப்பதற்கு ஈடான விளையாட்டு எந்தக் கடையிலும் இல்லை. விழுந்துகிடக்கும் பாளையைக் கம்பால் புரட்டிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கலாம். காய்ந்து விறைத்திருந்தால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மணல் முற்றத்தில் மட்டும், நடக்கிற வேகத்தில் இழுங்கள். கை பாளையின் உள்பக்கம் பிடித்திருக்க வேண்டும், விளிம்புக்கு வெளியே விரல் வந்தால் தோல் உரியும்.

விதைகளில் மிகுந்த கவனம் வேண்டும். மூன்று வயசுக்குள் மஞ்சாடி, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம், மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போய்விடும். பெரிய பிள்ளைகளுக்கும் மஞ்சாடி மட்டும். கறுப்புக் கண் உள்ள குன்றிமணி மென்றால் உயிருக்கே ஆபத்து, அரளியும் அப்படித்தான்.

பதினொன்றிலிருந்து மூன்றரை வரை யாரும் வெளியில் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து, சிரட்டைகளை எண்ணி எடுத்து உள்ளே வையுங்கள். முற்றத்தில் மல்லாந்து கிடக்கும் ஒரு சிரட்டையில் கோடைமழைத் தண்ணீர் நின்றாலே டெங்குக் கொசு முட்டையிடும்.